லுசேர்னில் மூன்று காபி

ஆகஸ்ட் 28, 2022 – ஞாயிறு

பாடம் எதுவும் இல்லாத நாள். ஆனாலும் நேற்று என்னிடம் கார் ஓட்டப் பழகும் மார்த்தி வீட்டுப் பையன் ரிவர்ஸ் எடுக்கும்போது பால் கடைச் சுவரில் உரசியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கத்தான் செய்தேன், ஆனால் தாமதமாக. இருபது வருடமாக டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறேன், இப்படி ஆனதில்லை. எனக்கும் வயதாகிறதோ?

மதியம் வழக்கம்போலக் கீழ்வீட்டுக்கு இறங்கினேன். விவாகரத்தாகி இந்த வீட்டின் மாடிக்குத் திரும்பி வந்ததிலிருந்து மதியச் சாப்பாடு அம்மாவிடம்தான். சாலட்டைக் கலந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"அடுத்த மாசம் லுசேர்ன் போயிட்டு வரலாமா, நாம ரெண்டு பேரும்? மூணு ராத்திரி. ஹோட்டலுக்குச் சொல்லியாச்சு."

சொல்லியாச்சாம்! அப்பா போய் ஆறு வருடமாயிற்று. அதன்பிறகு அவள் எங்கள் ஊர் வைன்ஃபெல்டனைத் தாண்டியது போன குளிர்காலத்தில் இடுப்பு ஆபரேஷனுக்கும், அது முடிந்து நடை பழக பிசியோதெரபி இல்லத்தில் தங்கியதற்கும், ஈஸ்டருக்குச் சங்க்ட் காலனில் சித்தி வீட்டுக்கும்தான்.

"லுசேர்ன்ல என்ன இருக்கு?"

"ஏரி இருக்கு."

"ஏரி நமக்கும்தான் பக்கத்துல இருக்கு. கார்ல அரை மணி நேரம்."

"அது வேற ஏரி," என்று சொல்லி, என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தாள்.

உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா? அதைச் சொல்லத்தான் அழைத்துப் போகிறாளா? பாத்திரம் துடைக்கும்போது அவள் முகத்தைக் கவனித்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள். முடி வெட்டியிருக்கிறாள். எப்போது வெட்டினாள்?

செப்டம்பர் 3

அம்மா ஒரு நீச்சல் உடை வாங்கியிருக்கிறாள். கரும்பச்சை. துணி காயப்போடும் கயிற்றில் பார்த்தேன். என் சின்ன வயதில் என்னைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கரையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். கேட்டதற்கு, "இடுப்புக்காகத் தண்ணியில இறக்கிப் பழக்கினாங்க. பிடிச்சுப்போச்சு," என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 15 – வியாழன், லுசேர்ன்

சூரிச்சில் வண்டி மாறி, மதியத்துக்கு முன்பே வந்துவிட்டோம். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் ஏரி. எனக்கு இந்த ஊரில் எப்போதும் ஒரு கூச்சம். விருந்துக்கு வெள்ளை விரிப்பு போட்டு வைத்த மேஜை மாதிரி இருக்கும் ஊர். எதைத் தொட்டாலும் கறை பட்டுவிடுமோ என்று கையை மடக்கிக்கொண்டே நடப்பேன்.

அம்மா கையை மடக்கவில்லை. யாரிடமும் வழி கேட்காமல், பாலத்தைக் கடந்து, இடது பக்கம் திரும்பி, ஒரு சந்துக்குள் புகுந்து, நேரே ஹோட்டல் வாசலில் போய் நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க."

அறுபது வருடத்துக்கு முன்னால் பார்த்த சந்தாம். நானும் நம்பினேன். மடச்சி.

மூன்று மணிக்கு ஏரிக்கரையில் ஒரு காபிக் கடை. பரிமாறும் பெண் வந்ததும் அம்மா சொன்னாள்: "மூணு காபி."

"மூணா? எதுக்கு மூணு?"

அவள் மரங்களின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒல்லி, உயரம், வைக்கோல் தொப்பி. கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் கயிற்றில் தொங்கின. தொப்பியைக் கழற்றினார்.

"எல்ஸ்பெத், இன்னிக்கு நீ எனக்கு முன்னாடியே வந்துட்டே."

'நீ'. அப்பாவுக்குப் பிறகு எந்த ஆண்பிள்ளையும் என் அம்மாவை 'நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"இவர் அலோயிஸ்," என்றாள் அம்மா. "பிசியோதெரபி இல்லத்துல பழக்கம். அவருக்கு முழங்கால், எனக்கு இடுப்பு."

"ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு நல்ல ஆள் கிடைக்கும்," என்றார் அவர். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் பேச்சை மாற்றப் பார்த்தார்: "ஈஸ்டருக்கு நீ வந்தப்போ இந்தக் கடையில இடமே கிடைக்கல, ஞாபகம் இருக்கா?"

ஈஸ்டருக்கு. சித்தி வீட்டுக்கு என்று நான்தான் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்! சித்திக்கு என்று ஒரு பாட்டில் செர்ரி ஜாம் வேறு கொடுத்தனுப்பினேன்.

ஜாம் யார் தின்றது என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் 16 – வெள்ளி, காலை

சரியாகத் தூங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். எப்படித் தூங்க முடிகிறது?

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது! என்ன பேசுவது, எப்படிப் பேசுவது? நேற்று அறைக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்: "இதைச் சொல்றதுக்கா ரெண்டு மணி நேரம் ரயில்ல கூட்டிட்டு வந்தே? வீட்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"வீட்ல சொன்னா நீ படியேறி மேல போயிருப்பே. இங்க உனக்கு மாடி இல்ல."

"கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"அவர் கேட்டிருக்கார். நான் இன்னும் சொல்லல."

"என்னைக் கேட்டுச் சொல்லப் போறியா?"

"உன்னைக் கேட்டுச் சொல்றதுக்கில்ல. நீ பார்க்கணும்னு நெனச்சேன், அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் பிடிக்காதே, ரெகுலா."

விளக்கை அணைத்துவிட்டாள். அப்பா கொடுத்த வீடு, அப்பா வைத்த ஆப்பிள் மரங்கள் — அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை சொல்லவில்லை. எனக்கே தெரியும், என் வயிற்றெரிச்சல் அப்பாவுக்காக இல்லை.

பின் யாருக்காக?

அதே நாள், மாலை

மூவரும் கப்பலில் ஏரிக்கரை ஊரான வெக்கிஸுக்குப் போய் வந்தோம். போகும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது காற்று குளிர்ந்ததால் அம்மா உள்ளே போய்விட, மேல்தளத்தில் நானும் அவரும் தனியாக மாட்டிக்கொண்டோம். பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

"நீங்க டிரைவிங் சொல்லித் தர்றீங்களாமே," என்றார். "என்னை மாதிரி ஆளுக்குச் சொல்லித் தந்திருக்கீங்களா?"

"உங்களை மாதிரின்னா?"

"லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த ஆளுக்கு. நாப்பது வருஷம் கண்ணாடிக் கடை வெச்சிருந்தேன். லுசேர்ன்ல பாதிப் பேரோட கண்ணை நான் பார்த்திருக்கேன். எழுபத்தஞ்சு வயசுச் சோதனைக்குப் போனா, டாக்டர் என் கண்ணைப் பார்த்துட்டு, 'ஐயா, போதும்'னுட்டார். அந்த டாக்டர் மாட்டியிருந்த கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது!"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. சிரித்தபிறகு மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கஷ்டம்.

"பிலாத்துஸ் தொப்பி போட்டிருக்கு பாருங்க," என்று மலையுச்சியின் மேகத்தைக் காட்டினார். "நாளைக்கு வெயில்தான்." பிறகு அதே குரலில்: "உங்க அம்மாகிட்ட ஈஸ்டர்ல இருந்து கேட்டுட்டிருக்கேன். 'பொண்ணைக் கூட்டிட்டு வந்தப்புறம் சொல்றேன்'னா. அப்ப நீங்கதான் நீதிபதின்னு நெனச்சு, நேத்து சட்டையை ரெண்டு தடவை இஸ்திரி போட்டேன்."

"நான் நீதிபதி இல்லையாம். நேத்து அம்மா சொல்லிட்டா."

"அப்போ இஸ்திரி வீணா?"

"வீணில்ல. சட்டை நல்லாத்தான் இருந்தது."

அம்மா உள்ளே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையசைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 17 – சனி

வெயில். பிலாத்துஸ் பொய் சொல்லவில்லை.

காலையில் ஆற்றங்கரைச் சந்தை. பேரிக்காயும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி மேட்டுத் தெருவில் அலோயிஸ் வீட்டுக்கு. மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுவதும் காலடியில் கிடக்கிறது. தூசியில்லாத வீடு. மதியத்துக்குக் கடையில் சொல்லி வாங்கிய இறைச்சிக் குழம்பு ஊற்றிய பேஸ்ட்ரி. அவர் சூடுபண்ணியதில் ஓரம் கருகிவிட்டது. "அடுப்பு புதுசு, எனக்கு இன்னும் பிடிபடல," என்றார் வெட்கத்துடன்.

வெள்ளை ஒயினை ஊற்றி என்னைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார். "இனிமே 'நீங்க' வேண்டாம். அலோயிஸ், நீ — அப்படியே கூப்பிடு." கோப்பையை இடித்துக்கொண்டேன். 'நீ' மட்டும் வாயில் வரவில்லை. "சரிங்க," என்றேன். மூவரும் சிரித்தோம்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அம்மாவுக்கென்று ஒரு அறையைக் காலிசெய்து, ஏரியைப் பார்க்க ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். சமையலறை முழுக்கப் புதுசு. "இதெல்லாம் எல்ஸ்பெத்துக்காகத்தான். இல்லத்துச் சமையலறையில ஒரு நாள் அவ செஞ்சு கொண்டுவந்த ஆப்பிள் பணியாரத்தைச் சாப்பிட்டதுல இருந்து அங்கத்துச் சாப்பாடு எனக்கு இறங்கல." கதவுக்குப் பின்னால் ஒரு நீலக் கட்டம் போட்ட ஏப்ரன் மாட்டியிருந்தது. இறந்துபோன மனைவி ரோஸ்மரியுடையது. அதை எடுத்து அம்மாவின் தோளில் வைத்துப் பார்த்தார். ஆசையாகத்தான்.

"பாரேன், அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

அம்மா ஏப்ரனை வாங்கி, நான்காக மடித்து, மேஜைமேல் வைத்தாள்.

எனக்கு மனசு நிறைந்திருந்தது. இறங்கி வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நல்ல மனுஷர்மா. சரின்னு சொல்லிடு."

"ஓ. நேத்து வரைக்கும் பிரேக். இன்னிக்கு ஆக்ஸிலரேட்டரா?"

"நெஜமாத்தான் சொல்றேன். இங்க வர்றதுக்கு உனக்குத் தயக்கம்னா, அவர் நம்ம வீட்டுக்கே வந்துடலாமே? கீழ்வீட்டுல இடம் இல்லாமலா போச்சு?"

அம்மா நடையை நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல யோசனை. அப்ப நான் உங்க ரெண்டு பேருக்கும் சமைக்கலாம்."

கேலி என்று நினைத்துச் சிரித்தேன்.

செப்டம்பர் 18 – ஞாயிறு, ரயிலில்

இன்று பிரார்த்தனை ஞாயிறு, நாடு முழுக்கப் பண்டிகை நாள். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. கோயில் மணி எல்லாப் பக்கமும். அம்மா கோயிலுக்குப் போகவில்லை. "கத்தோலிக்க ஊரு, நாம புராட்டஸ்டண்ட். எனக்கு எப்ப எழுந்து நிக்கணும்னே தெரியாது," என்று சொல்லிவிட்டு, துண்டும் நீச்சல் உடையுமாகக் கரையோரம் மரத்தூண்களில் நிற்கும் அந்தப் பழைய குளியல் மேடைக்குக் கிளம்பினாள். நானும் போனேன். ஆள் அதிகமில்லை. தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தேன், குளிர் எலும்பு வரை ஏறியது.

அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். "ஹூ!" என்று ஒரு சத்தம். பிறகு கையை விட்டாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் அவள் மூழ்கவில்லை. தலையை நிமிர்த்தி, தவளை மாதிரி, அவசரமே இல்லாமல் நீந்திக்கொண்டு நீச்சல் எல்லைக் கயிறு வரை போனாள். அங்கே மல்லாந்து மிதந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதக்கும் அந்தப் பெண்பிள்ளையை எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு உருவமாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன்.

கரையேறித் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். உதடு நீலம். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வேண்டாம்னு சொல்லப் போறேன், ரெகுலா."

"என்னது?"

"அலோயிஸ்கிட்ட."

"ஏம்மா? அவர் என்ன பண்ணார்?"

"ஒண்ணும் பண்ணல. தங்கமான மனுஷன். ஆனா அந்த வீட்ல ஒரு ஏப்ரன் ஆளுக்காகக் காத்துட்டிருக்கு. உங்க அப்பாவுக்கு நாப்பத்து நாலு வருஷம் சமைச்சேன், சட்டை துவைச்சேன். குறை சொல்லல, அவரும் நல்லவர்தான். ஆனா முடிஞ்சது. மறுபடி முதல்ல இருந்து என்னால ஆகாது."

எனக்கு ஏமாற்றம். ஆனால் — எழுதித்தான் ஆக வேண்டும் — அடியில் ஒரு நிம்மதியும். அப்படியானால் எல்லாம் பழையபடிதான். "சரி விடு," என்றேன். "இன்னிக்கு வீட்டுக்குப் போனா எல்லாம் சரியாயிடும்."

"நான் இங்க வந்துடப் போறேன்," என்றாள்.

"இப்பத்தானே வேண்டாம்னே?"

"அவர் வீட்டுக்கு இல்ல. தனியா. சின்னதா ஒரு ரூம் போதும். இந்த ஏரியில தினம் இறங்கணும். இங்க யாரும் என்னை வால்ட்டரோட பொண்டாட்டின்னோ டிரைவிங் டீச்சரோட அம்மான்னோ கூப்பிடல."

"அப்ப நான்?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதுக்காரி, ஆறு வயதுக் குழந்தை மாதிரி. பக்கத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

அம்மா என் கையைத் தன் ஈரக்கையால் பிடித்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ வந்தப்போ உடைஞ்சு போய் வந்தே. சோறு போட்டேன். கொஞ்ச நாளைக்குன்னு நெனச்சேன். பன்னெண்டு மணிக்கு நீ படியிறங்குற சத்தம் கேட்டா நான் அடுப்பை அணைச்சுட்டுத் தட்டு எடுக்கணும். தினமும். காய்ச்சல் வந்தாலும். பிரியமாத்தான் செஞ்சேன், கண்ணு. ஆனா நீயும் ஒரு தடவைகூட 'இன்னிக்கு நான் பண்றேன்'னு சொன்னதில்ல."

சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவையாவது... இல்லை.

மதியம் அம்மா அவரிடம் பேசும்போது நான் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரைப் பார்த்து இருவரும் நின்றார்கள். அவர் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, அதையும் கழற்றினார். பிறகு என்னமோ சொன்னார், அம்மா அவர் முழங்கையில் கை வைத்தாள். அன்னப்பறவைகளுக்கு ஒரு குழந்தை ரொட்டி எறிந்துகொண்டிருந்தது. அதன் கூச்சலில் ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. "பிரார்த்தனை ஞாயிறுக்குப் ப்ளம் பழக் கேக் இல்லாம ஒரு வீடு இருக்கலாமா? ரயில்ல சாப்பிடுங்க." கண்கள் சிவந்திருந்தன. சட்டை மட்டும் இன்றும் இஸ்திரியாக இருந்தது. வண்டி கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே தொப்பியோடு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்கோ, அலோயிஸ்!" என்று கத்தினேன்.

'நீ' வந்துவிட்டது.

இப்போது சூரிச் தாண்டிவிட்டோம். கேக்கைக் கையாலேயே பிய்த்துத் தின்று முடித்துவிட்டோம். அம்மாவின் தாடையில் ஊதா நிறச் சாறு. துடைக்கச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 20

மதியம் கீழே போகவில்லை. மாடியில் ரொட்டி, பாலாடைக்கட்டி. நின்றுகொண்டே. கீழிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அவளும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 23

கோபம். இன்று முழுக்கக் கோபம். சோறு போட்டதைச் சொல்லிக் காட்டுவாளா ஒரு தாய்? — சொல்லிக் காட்டவில்லை, நான்தான் "அப்ப நான்" என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

செப்டம்பர் 25 – ஞாயிறு

நான் சமைத்தேன். மக்ரோனியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் கூழும். அடி பிடித்துவிட்டது. அம்மாவை மேலே கூப்பிட்டேன். படியேறி வந்து, என் மேஜையில் விருந்தாளி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கே அது புதுசு, சங்கடமாகச் சிரித்தாள்.

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு," என்றாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 9

வீடு கிடைத்துவிட்டது. பெரிய கோயிலுக்குப் பின்னால், ஒரே அறை, லிஃப்ட் உண்டு. சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, கழுத்தையும் கொஞ்சம் திருப்பினால் ஏரி தெரியுமாம். கண்டுபிடித்துக் கொடுத்தவர் அலோயிஸ். வேண்டாம் என்று சொன்னவளுக்காகத் தெருத்தெருவாக அலைந்து வீடு தேடியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் செய்வோம்? நான் செய்திருக்க மாட்டேன்.

நவம்பர் 26

சாமான் ஏற்றியாயிற்று. ஒரு சின்ன வண்டிக்கே பாதி இடம் மிச்சம். அப்பாவின் அலமாரி வேண்டாம், பெரிய மேஜை வேண்டாம், பண்டிகைத் தட்டுகள் வேண்டாம். இரண்டு நாற்காலிகள் போதும் என்றாள்.

"மூணாவது ஆள் வந்தா?"

"நின்னுக்கட்டும்."

நான்தான் வண்டியோட்டினேன். நெடுஞ்சாலையில் பனிமூட்டம். ஸுக் ஊரைத் தாண்டியதும் கிழிந்தது. அங்கே மேலே ஏற்றி வைத்துவிட்டுக் கிளம்பும்போது, இருவரும் வாசலில் கொஞ்ச நேரம் ஒருவர் கோட்டின் பொத்தானை ஒருவர் சரிசெய்துகொண்டு நின்றோம். "பத்திரமாப் போ" என்றாள். அழவில்லை, இருவருமே. திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி அழுதேன்.

டிசம்பர் 4

வீடு அமைதியாக இருக்கிறது என்று எழுத வந்தேன். ஃபோனில் மூன்று தடவை பேசியாயிற்று இன்று. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இப்போது ஒன்று. அதில் ஒன்று, வெங்காயம் எப்போது போடுவது என்று கேட்க.

ஜனவரி 15, 2023

லுசேர்ன் போய் வந்தேன். இரண்டு நாற்காலி. எனக்கொன்று, அம்மாவுக்கொன்று. அலோயிஸ் ஜன்னலோரம் நின்றுகொண்டே காபி குடித்தார். வியாழக்கிழமைகளில் இருவரும் கப்பலில் போகிறார்கள். மற்ற நாட்களில் அவரவர் வீடு. "எங்க வயசுக்கு இதுதான் சரியான வேகம்," என்றார். இன்னும் மனசு ஆறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அம்மா கதவைத் திறந்தபோது அவர் தலையை வாரிக்கொண்டதைப் பார்த்தேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "கீழ்வீட்டை என்ன பண்ணப் போறே?"

"தெரியல."

"பூட்டி வைக்காதே."

மார்ச் 5 – ஞாயிறு

நேற்றும் அதற்கு முந்தைய வாரமும் எழுத நேரமில்லை. கீழ்வீட்டின் பெரிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுச்சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, சாலை விதி வகுப்பை நேற்று அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். ஆறு பேர் வந்தார்கள். அப்பாவின் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ரவுண்டானாவில் யாருக்கு முதல் வழி என்று ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். ஒரு பெண், கோசோவோக்காரி, தன் அம்மா செய்தது என்று ஒரு தட்டுப் பண்டம் கொண்டுவந்திருந்தாள். வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சூப் பண்ணினேன். எல்லாருக்கும் போதவில்லை.

தட்டுக் கழுவி, தரையைத் துடைத்து, படுக்கையில் விழுந்தவள், இன்று காலை பத்து மணிக்குத்தான் எழுந்தேன். ஃபோனில் அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது:

"நேத்து உனக்கு ஃபோன் பண்ணவே மறந்துட்டேன். கோபமா?"

காபிக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு பதில் எழுதினேன்:

"இல்லம்மா. நானும் மறந்துட்டேன்."